தாத்தாவோட பனைமரமும் நுங்கம்பாக்கத்துத் தூணும்

ரெண்டு மாசமா இங்க எதுவும் எழுதல. மிக்ஜாம் புயல்ல நெல்லு படுத்ததும், படுத்த நெல்ல மிஷினால அறுக்க முடியாம ஆள் வெச்சு அறுத்ததும் பெரிய கதை. அத இன்னொரு நாள் எழுதறேன். இன்னைக்கு எழுத வந்தது அதே புயல்ல கிளம்பின வேற ஒரு விஷயம்.

என் தங்கச்சிய ராயபுரத்துல கட்டிக் கொடுத்திருக்கு. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி பெஞ்ச மழையில அவங்க தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி. கரண்ட் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு மேகம் விலகின ராத்திரி, வீட்டுக்குள்ள புழுக்கம் தாங்காம எல்லாரும் மொட்டை மாடிக்குப் போய் படுத்திருக்காங்க. தங்கச்சி பொண்ணு ஏழாவது படிக்கிறா. அவ பொறந்ததுலேர்ந்து முதல் தடவையா அன்னைக்குத்தான் வானத்தப் பார்த்திருக்கா. ராயபுரத்துல வானமே இல்லையான்னு நீங்க கேக்கலாம். இருக்கு. ஆனா தெரு விளக்கு, கன்டெய்னர் யார்டு விளக்கு, மீன்பிடித் துறைமுகத்து விளக்கு, அதுக்கு வடக்க மணலி, எண்ணூர்னு வரிசையா எரியற விளக்குங்க எல்லாம் சேர்ந்து ராத்திரி முழுக்க வானத்த காவி கலந்த சாம்பல் நிறத்துல வெச்சிருக்கும். அதுல பாதிக்கு மேல அணைஞ்சது அவளுக்கு நினைவு தெரிஞ்சு அதுதான் முதல் தடவை.

மறுநாள் கரண்ட் வந்துச்சு, வானம் போச்சு. ஆனா அதுக்குள்ள அவ ஸ்கூல் நோட்டுப் பின்பக்கத்துல பார்த்தத வரைஞ்சு வெச்சுட்டா. பொங்கலுக்கு இங்க வந்தப்ப, மீஞ்சூருக்கு வடக்க எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து அந்த நோட்ட நீட்டி, "மாமா, இது இன்னான்னு சொல்லு"ன்னா.

தலைக்கு மேல பெருசா ஒண்ணு. அதுக்குக் கீழ, கிழக்குப் பக்கமா, பொடிப்பொடியா ஒரு கொத்து. அதுக்கும் கீழ ஒண்ணு, பக்கத்துல 'சிவப்பு'ன்னு எழுதியிருந்தா. இன்னும் கீழ, எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல, ஒண்ணு மேல ஒண்ணா மூணு புள்ளி. "எட்டு மணிக்கு"ன்னும் குறிச்சிருந்தா. அந்த ஒரு வார்த்தைதான் எனக்குக் கை கொடுத்துச்சு.

மீஞ்சூர் போய் ஒரு பிரவுசிங் சென்டர்ல டிசம்பர் மாச வான வரைபடத்த பிரிண்ட் எடுத்துக்கிட்டு வந்தேன். வட்டமா இருக்கும், பார்த்திருப்பீங்க. வட்டத்தோட விளிம்பு அடிவானம், நடு மையம் நம்ம உச்சந்தலை. முதல் தடவை பார்க்கிறவங்க எல்லாரும் ஒரே இடத்துல முழிப்பாங்க: நில வரைபடத்துல கிழக்கு வலது கைப்பக்கம் இருக்கும், இதுல இடது பக்கம் இருக்கும். அச்சுப் பிழை இல்ல. இது கீழ குனிஞ்சு பார்க்கிற படம் கிடையாது. தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, வடக்குன்னு போட்டிருக்கிறத வடக்குப் பக்கம் திருப்பினா கிழக்கு தானா கிழக்க வந்துடும்.

அப்படிப் பிடிச்சும் நோட்டுல இருக்கிறது ஒத்து வரல. அவ கிழக்க வரைஞ்சது படத்துல உச்சிக்கிட்ட இருந்துச்சு. கொஞ்ச நேரம் குழம்பினேன். அப்புறம்தான் படத்துக்குக் கீழ பொடி எழுத்துல இருந்ததப் படிச்சேன்: மாசத் தொடக்கத்துல 10 மணி, நடுவுல 9 மணி, கடைசியில 8 மணி. நட்சத்திரங்க தினமும் சுமார் 4 நிமிஷம் முன்னாடியே எழும்பும். ஒரு மாசத்துக்கு ரெண்டு மணி நேரம், பன்னிரண்டு மாசத்துல ஒரு முழு சுத்து. அதனாலதான் மாசத்துக்கு ஒரு படம். டிசம்பர் 6-ஆம் தேதி எட்டு மணி வானத்துக்கு நவம்பர் படம்தான் பொருந்தும். மறுபடி சைக்கிள எடுத்துக்கிட்டு மீஞ்சூருக்குப் போனேன். இன்னொரு பத்து ரூபா.

நவம்பர் படம் பொருந்துச்சு. சிவப்பு, ரோகிணி. மூணு புள்ளி, மிருகசீரிடத்துக்குப் பக்கத்துல இருக்கிற வேட்டைக்காரனோட இடுப்பு. பெருசு மட்டும் படத்துல இல்ல, ஏன்னா அது நட்சத்திரமே இல்ல, வியாழன். கிரகம் இடம் மாறிக்கிட்டே இருக்கிறதால, எந்த வருஷத்துக்கும் பொதுவாப் போடற படத்துல அது வராது. அந்தப் பொடிக் கொத்து கார்த்திகை. எங்க ஊர்ல ஆறாமீன்னு சொல்வோம்.

இதுல என்ன அதிசயம்னா, அந்தப் பொண்ணு பொறந்ததே கார்த்திகை நட்சத்திரத்துல. மாசாமாசம் அவங்கம்மா திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் அந்தப் பேர சொல்லி அர்ச்சனை பண்றா. அந்தக் கோயில் பிராகாரத்துல 27 நட்சத்திரத்துக்கும் 27 லிங்கம் வரிசையா இருக்கு. தங்கள் நட்சத்திரத்துக்கு உள்ள லிங்கத்துக்கு முன்னாடி விளக்கு வெக்கிறவங்க எத்தனையோ பேர். அதுல எத்தனை பேர் அந்த நட்சத்திரத்த மேல நிமிர்ந்து பார்த்திருப்பாங்க? நானும் அந்தக் கூட்டத்துல இருந்தவன்தான். என் நட்சத்திரம் மகம். நாப்பது வயசு வரைக்கும் அது வானத்துல எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது.

எங்க தாத்தாவுக்குத் தெரியும். அவர்கிட்ட கடிகாரம் கிடையாது. ஏரித்தண்ணி முறை வெச்சுப் பாயற காலத்துல, ராத்திரி யார் முறை எப்ப முடியுதுங்கறதுக்குப் பெரிய சண்டை வரும். திண்ணையில தூணுக்குப் பக்கத்துல எப்பவும் ஒரே இடத்துல தலை வெச்சுப் படுப்பார். அங்கேர்ந்து பார்த்தா எதிர்ல ஒத்தப் பனை. ஆறாமீன் பனை உச்சியத் தாண்டுச்சுன்னா மம்பட்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவார். அது மாசத்துக்கு மாசம் மாறும்னும் அவருக்குத் தெரியும். ஆடியில நடுச்சாமம் தாண்டித்தான் எழும்பும், கார்த்திகையில பொழுது சாயறப்பவே எழும்பிடும், பங்குனியில முன்னிரவுலயே மேற்க இறங்கும், வைகாசியில கண்ணுலயே படாது, ஆனி விடியக்காலையில மறுபடி தலை காட்டும். பன்னிரண்டு மாச வரைபடமும் அவர் மண்டையில இருந்துச்சு. ஒரே இடத்துல படுக்கிறதும் ஒத்தப் பனையும் எதுக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சுது. அதுக்கு நுங்கம்பாக்கம் போக வேண்டியிருந்துச்சு.

அதுக்கு முன்னாடி வண்டிப் பயணம் ஒண்ணச் சொல்லணும். தை மாசத்துல காய்கறி ஏத்திக்கிட்டு தாத்தா கொத்தவால் சாவடிக்கு மாட்டு வண்டியில போவார். ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பினா விடியறதுக்குள்ள போய்ச் சேரணும், இல்லேன்னா விலை போகாது. வழி முழுக்கத் தெற்கு நோக்கித்தான். மாட்டுக் கொம்புக்கு நேரா முன்னாடி ஒரு பெரிய வெள்ளி நிக்கும்னு சொல்வார். படத்துல பார்த்தா அது அகத்தியர். தை முதல் வாரத்துல பதினோரு மணி வாக்குல நேர் தெற்க நிக்கும், மூணரை மணிக்கு விழுந்துடும். அது விழறப்ப சிலுவை மாதிரி நாலு வெள்ளி தெற்க ஏறிக்கிட்டிருக்கும். அது நிமிர்ந்து நின்னா ராயபுரம் வந்திருக்கணும், வரலேன்னா மாட்டத் தட்டணும். நான் வரைபடத்த வெச்சு சரி பார்த்தேன். தை முதல்ல தென்சிலுவை நிமிர்ந்து நிக்கிறது விடியக்காலம் அஞ்சு மணிக்கு. தாத்தா கணக்கு சரிதான்.

ராயபுரத்துல அவர் வண்டி தாண்டிப் போன ஸ்டேஷன் 1856-ல திறந்தது. தென்னிந்தியாவோட முதல் ரயில் அங்கேர்ந்து வாலாஜா ரோட்டுக்குப் போச்சு. அந்தக் கட்டடம் இன்னைக்கும் நிக்குது. ரயில் வந்ததும் பனைமர நேரம் போதாது. ராயபுரத்துல ஆறு மணின்னா அரக்கோணத்துலயும் ஆறு மணியா இருக்கணும், இல்லேன்னா ஒரே தண்டவாளத்துல ரெண்டு ரயில் மோதும். அந்த ஆறு மணிய யார் முடிவு பண்றது? மறுபடி நட்சத்திரம்தான்.

1786-லேயே எழும்பூர்ல தன்னோட தோட்ட வீட்டுல வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி தனியா ஒரு வானாய்வுக்கூடம் வெச்சிருந்தார். அது கம்பெனி கைக்கு வந்து, மைக்கேல் டாப்பிங் மேற்பார்வையில நுங்கம்பாக்கத்துல புதுக் கட்டடம் 1792-ல முடிஞ்சது. கம்பெனிக்கு என்ன வானத்து மேல திடீர்க் காதல்? காதல் எல்லாம் இல்ல. அப்ப சென்னையில துறைமுகமே கிடையாது. கப்பல் எல்லாம் திறந்த கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும், சரக்கும் ஆளும் மசூலா படகுல அலையத் தாண்டி கரைக்கு வரணும். கரை எங்க இருக்குன்னு தப்பாக் கணக்குப் போட்ட கப்பல் உடையும். கரையோட சரியான இடம் தெரியணும்னா தீர்க்கரேகை தெரியணும், தீர்க்கரேகைக்கு சரியான நேரம் தெரியணும், நேரத்துக்கு நட்சத்திரம் வேணும். டாப்பிங்கே கடற்கரைய அளந்த ஆள்தான். 1794-ல அவர் தொடங்கின சர்வே பள்ளிக்கூடம்தான் வளர்ந்து இன்னைக்கு கிண்டி பொறியியல் கல்லூரியா நிக்குது.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில இப்ப வானிலை மையம் இருக்கிற வளாகத்துக்குள்ள, அனுமதி வாங்கிக்கிட்டுப் போனா, அந்தப் பழைய கூடத்தோட ஒரு கருங்கல் தூண் மட்டும் நிக்கிறதப் பார்க்கலாம். 15 அடி உயரம், சுமார் 10 டன் எடை. அதுமேல தமிழ், தெலுங்கு எழுத்தும் வெட்டியிருக்கு. கருவி கொஞ்சமும் ஆடக்கூடாதுன்னு அது மேலதான் தூரநோக்கிய வெச்சாங்க. அங்க நின்னப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. அசையாத ஒரு இடம், நேரா ஒரு கோடு, அந்தக் கோட்ட ஒரு நட்சத்திரம் தாண்டற கணம். எங்க வீட்டுத் திண்ணையும் பனையும்தான். பத்து டன் கல்லும் கண்ணாடியும் சேர்ந்ததால இங்க நொடிக்குக் கணக்கு வந்துச்சு, தாத்தாவுக்குக் கால் மணி நேரம் முன்னப்பின்ன இருக்கும். தண்ணி முறைக்கு அது போதும்.

அந்த நேரத்த கோட்டை பீரங்கி ஊருக்குச் சொல்லுச்சு, தந்திக் கம்பி ரயில் ஸ்டேஷனுக்குச் சொல்லுச்சு. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவுல இருந்ததால, ஒரு காலத்துல இந்தியா பூராவும் ரயில் கடிகாரம் மதராஸ் நேரத்துலதான் ஓடிச்சு. 1906-ல இந்தியாவுக்குன்னு பொது நேரம் வந்தப்ப மதராஸ் ஒன்பது நிமிஷம் முன்னாடி தள்ளிக்கிட்டு அதோட சேர்ந்துச்சு.

இந்த இடத்துல நகரத்து நண்பர் ஒருத்தர் என்கிட்ட சண்டைக்கு வந்தார். "வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு வானத்தக் காட்டினானா?"ன்னு. இல்ல. ஆனா கதை அவர் நினைக்கிற மாதிரி நேராவும் இல்ல.

பாண்டிச்சேரிக்கு லெ ஜான்டீல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். 1761-ல வெள்ளிக் கிரகம் சூரியன் முகத்தக் கடக்கிறதப் பார்க்கக் கிளம்பி, ஊர் இங்கிலீஷ்காரங்க கைக்குப் போனதால இறங்க முடியாம நடுக்கடல்லயே கோட்டை விட்டவர். அடுத்தது 1769-ல. எட்டு வருஷம் இந்தப் பக்கமே காத்திருந்து பாண்டிச்சேரியில கூடம் கட்டித் தயாரா இருந்தார். அன்னைக்குக் காலையில மேகம். மனுஷன் நொந்து போனார். அந்தச் சமயத்துல தமிழ்ப் பஞ்சாங்கக்காரங்ககிட்ட உக்காந்து அவங்க கணக்கக் கத்துக்கிட்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிச்சதுங்கறத அவங்க முறையில போட்டா 41 நொடிதான் குறைஞ்சது. அப்ப ஐரோப்பாவுல பேர் போன டோபியாஸ் மேயரோட அட்டவணையில 68 நொடி அதிகம். படிச்சதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துச்சு.

அதுக்கு அறுபது வருஷம் கழிச்சு ஜான் வாரன். நுங்கம்பாக்கத்துல கொஞ்ச வருஷம் பொறுப்புல இருந்தவர், நம்ம காலக் கணக்குகளப் பத்தி 'கால சங்கலித'ன்னு 1825-ல பெரிய புத்தகமே போட்டவர். பாண்டிச்சேரியில ஒரு பஞ்சாங்கக்காரர் கிரகணம் கணிக்கிறத அவர் பக்கத்துல இருந்து பார்த்தார். காகிதம் இல்ல, எழுத்து இல்ல. தரையில சோழிய அடுக்கி, எண்களுக்குப் பதிலா மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த சொற்கள முணுமுணுத்துக்கிட்டே சோழிய நகர்த்தி, 1825 மே 31 ராத்திரி வரப்போற சந்திர கிரகணத்தச் சொன்னார். தொடக்கம் 4 நிமிஷம்தான் பிசகு. நடு 23 நிமிஷம், முடிவு 52 நிமிஷம் தள்ளிப் போச்சு. சோழிய வெச்சு இவ்வளவு கிட்ட வந்ததே பெரிசு. ஆனா ஏன் இப்படிக் கணக்குப் போடணும்னு அவருக்குத் தெரியாது, வாரன் அதையும் எழுதியிருக்கார். கணக்கு எப்பவோ யாரோ வானத்தப் பார்த்துப் போட்டது. அப்புறம் வந்தவங்க கணக்கக் காப்பாத்தினாங்க, வானத்தப் பார்க்கிறத விட்டுட்டாங்க. எனக்கு அந்த 52 நிமிஷம் உறுத்திக்கிட்டே இருக்கு. கோயில்ல நட்சத்திரப் பேர மட்டும் சொல்லிட்டு வர்ற நானும் அந்த சோழிக்காரர் வம்சம்தானே.

இப்ப நான் சொல்ல வந்த ஆளுக்கு வரேன். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1828-ல பொறந்தவர், பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பம். சின்ன வயசுலயே நுங்கம்பாக்கம் கூடத்துல வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளர் வரைக்கும் உயர்ந்தார். அவருக்கு முன்னாடியே அங்க பெரிய வேலை நடந்திருந்துச்சு. டெய்லர்னு ஒருத்தர் 11,015 நட்சத்திரத்தோட இடத்த அளந்து 1844-ல பட்டியல் போட்டார். 1861-ல நார்மன் போக்சன் அரசாங்க வானியலாளரா வந்தார். நீங்க எந்த வான வரைபடத்த எடுத்தாலும் அதுல பெரிய புள்ளி, சின்னப் புள்ளின்னு இருக்கும் பாருங்க. பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பெருசு, மங்கலுக்குச் சின்னது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வெளிச்சம் ரெண்டரை மடங்கு, அஞ்சு படி இறங்கினா நூறுல ஒரு பங்குன்னு இந்த அளவுகோலத் திட்டமாக்கினது போக்சன். 1856-ல, ஆக்ஸ்போர்டுல இருந்தப்ப. மீஞ்சூர்ல நான் பத்து ரூபாய்க்கு எடுத்த பிரிண்ட்ல அவர் இருக்கார்.

போக்சன் வரைபடத்த வேட்டைக்குப் பயன்படுத்தினார். வானத்துல ஒரு சின்னத் துண்டுக்கு உள்ள எல்லாப் பொடி நட்சத்திரத்தையும் படத்துல குறிச்சிருக்கணும். ராத்திரி தூரநோக்கியில அதே துண்டப் பார்த்து ஒண்ணொண்ணா ஒப்பிடணும். படத்துல இல்லாத புள்ளி வானத்துல இருந்தா, மறுநாளும் பார்க்கணும். நகர்ந்திருந்தா அது சிறுகோள். வந்த ரெண்டு மாசத்துல, 1861 ஏப்ரல் 17-ஆம் தேதி, இப்படி ஒண்ணு மாட்டுச்சு. ஆசியக் கண்டத்துலேர்ந்து கண்டுபிடிச்ச முதல் சிறுகோள்ங்கறதால ஆசியான்னே பேர் வெச்சாங்க. அதுக்கப்புறம் சாஃபோ, சில்வியா, கமிலா, வேரான்னு இன்னும் நாலு நுங்கம்பாக்கத்துலேர்ந்தே. அவரோட பொண்ணு இசிஸும் அதே கூடத்துல உதவியாளரா வருஷக்கணக்கா வேலை பார்த்தாங்க.

சிறுகோள் நகரும். நகராம அதே இடத்துல இருந்துக்கிட்டு, படத்துல போட்ட அளவுக்கும் வானத்துல தெரியற அளவுக்கும் ஒத்துப் போகாத புள்ளிகளும் உண்டு. மாறொளி விண்மீன்னு சொல்றாங்க. ஒப்பிடறவன் கண்ணு ரொம்பப் பொறுமையா இருந்தாத்தான் அது சிக்கும். 1867 ஜனவரியில ரகுநாதாச்சாரிக்கு அப்படி ஒண்ணு சிக்குச்சு. ஆர் ரெட்டிகுலின்னு பேர். சுமார் ஒன்பது மாசத்துல ஒரு தடவை பிரகாசமாகி மங்கற நட்சத்திரம். நவீன முறையில இந்தியர் ஒருத்தர் பண்ணின முதல் விண்மீன் கண்டுபிடிப்புன்னு இதத்தான் சொல்றாங்க. அது தென்வானத்துல ரொம்பத் தள்ளி இருக்கு. லண்டன்லேர்ந்து பார்த்தா எழும்பவே எழும்பாது. சென்னையில அடிவானத்துக்கு மேல 14 பாகைக்கு மேல ஏறாது. கைய நீட்டி முஷ்டி பிடிச்சா அது பத்து பாகை, ஆக ஒண்ணரை முஷ்டி உயரம்.

1872-ல லண்டன் ராயல் வானியல் கழகம் அவர உறுப்பினராச் சேர்த்துக்கிச்சு. அந்த மரியாதை கிடைச்ச முதல் இந்தியர் அவர்தான். ஆனா என் மனசுல நிக்கிறது அது இல்ல. அவர் பஞ்சாங்கக் குடும்பத்து ஆளு. ராத்திரி தூரநோக்கியில பார்க்கிறது ஒண்ணு, வீட்டுல பரம்பரையாக் கணிக்கிறது வேற ஒண்ணுன்னு தினமும் கண் முன்னாடி தெரியுது. பேசாம இருந்திருக்கலாம். இருக்கல. பஞ்சாங்கக் கணக்கு கண்ணுக்குத் தெரியறதோட ஒத்துப் போகணும்னு புதுசா கணிச்சுப் போட்டார். திருக்கணிதப் பஞ்சாங்கம்னு சொல்றோமே, அதுக்கு வழி போட்டவங்கள்ல அவர் முக்கியமானவர். அதுல இருக்கிறது மரியாதைக்குப் போடற 'திரு' இல்ல. 'த்ருக்', பார்வைன்னு அர்த்தம். பார்த்துப் போட்ட கணிதம். 1874 டிசம்பர்ல வெள்ளி மறுபடி சூரியனக் கடந்தப்ப, அது என்ன ஏதுன்னு நம்ம ஜனத்துக்குப் புரியற மாதிரி உரையாடல் நடையில ஒரு சின்னப் புத்தகமும் எழுதினார். 1880-ல செத்துப் போனார், 52 வயசுல.

சண்டை இன்னும் முடியல. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2020 ஜனவரி 24, வாக்கியப்படி அதே வருஷம் டிசம்பர் 27. பதினோரு மாசம் வித்தியாசம். எங்க ஊர்ல ரெண்டு தடவையும் பரிகாரம் பண்ணினவங்க உண்டு. அந்த டிசம்பர் 21-ஆம் தேதி சாயங்காலம் சனியும் வியாழனும் ஒட்டிக்கிட்ட மாதிரி மேற்க நின்னுச்சுங்க. வரப்புல நின்னு காட்டினேன், பரிகாரம் பண்ணினவங்கள்ல ஒருத்தர் கூட நிமிர்ந்து பார்க்கல.

நுங்கம்பாக்கம் கூடம் அப்புறம் தேஞ்சு போச்சு. 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்தப்ப, மழை பொய்க்கிறதுக்கும் சூரியன்ல வர்ற புள்ளிகளுக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. சூரியனப் பார்க்க மேகமும் தூசும் இல்லாத மலை வேணும்னு தேடி, 1899-ல கொடைக்கானல்ல புதுக் கூடம் வந்துச்சு. விவசாயிக்கு மழை வருமான்னு தெரிஞ்சுக்கத்தான் சென்னையோட வானாய்வு மலை ஏறுச்சுன்னு நான் சொன்னா, வேளாண்மை ஆபீசர் சிரிக்கிறார்.

மாசி மாசம் ஒரு வேலையா எண்ணூர் போயிருந்தப்ப, கடற்கரையில வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு பெரியவரப் பார்த்தேன். சட்டைப் பையிலேர்ந்து படத்த எடுத்துக் காட்டினேன். "இன்னா தம்பி, வானத்தையும் பேப்பர்ல போட்டுக் குடுத்துட்டானுங்களா?"ன்னு திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டுமரத்துல போன காலத்துல வெள்ளியப் பார்த்துத்தான் கரை திரும்புவாங்களாம். இப்ப எல்லார் போட்டுலயும் ஜிபிஎஸ். இந்தப் பக்கத்து விளக்கால வெள்ளி தெரியாமப் போச்சேன்னு நான் வருத்தப்பட்டேன். அவர் வருத்தப்படல. "நீ வேற. அந்தப் புகைக்கூண்டு கட்டின அப்புறம் எங்களுக்கு அதான் வெள்ளி. மேகம் மூடினாலும் அது மூடாது பாரு. ஆனா மீனுதான் இல்ல"ன்னார். நட்சத்திரத்துக்காக நான் கொண்டுபோன துக்கத்துல பாதி அங்கயே கரைஞ்சு போச்சு. மீதி எண்ணெய்ப் படலத்தப் பத்தின பேச்சாப் போச்சு, அது புயலோட சேர்ந்து வந்த இன்னொரு கதை.

பொங்கலன்னைக்கு ராத்திரி, அதாவது ஜனவரி 15, மருமக விடல. பிறை விழட்டும்னு பத்து மணி வரைக்கும் காத்திருந்து களத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். இந்தத் தடவை ஜனவரி படம். டார்ச்சு மேல சிவப்புக் கலர் ஜிகினாத் தாள சுத்திக்கிட்டோம், வெள்ளை வெளிச்சம் பட்டா கண்ணு இருட்டுக்குப் பழக மறுபடி கால் மணி நேரம் ஆகும். வியாழன் மேற்க இறங்கிக்கிட்டிருந்துச்சு. ஆறாமீன் உச்சியக் கொஞ்சம் தாண்டி நின்னுச்சு.

"இதான் மாமா. அன்னைக்குப் பார்த்தது இதேதான்"ன்னா.

"இதான் உன் நட்சத்திரம்மா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் எண்ண ஆரம்பிச்சா. அவளுக்கு ஏழு. எனக்கு அஞ்சுக்கு மேல தெரியல. எங்கம்மா கண்ண சுருக்கிப் பார்த்துட்டு, "எப்பவும் ஆறுதான்டி, எண்ணத் தெரியாம எண்ணாத"ன்னாங்க.

ரோகிணியக் காட்டினேன். ரோகிணி உச்சிக்கு வர்றப்ப ரகுநாதாச்சாரியோட நட்சத்திரம் நேர் தெற்க இருக்கும். வெறும் கண்ணுக்கு எப்படியும் தெரியாது, ஆனா இடமாவது பார்க்கலாம்னு தெற்க திரும்பினோம். அகத்தியர் மட்டும் தனியா நின்னுது. அதுக்குக் கீழ எண்ணூரும் மணலியும் சேர்ந்து வானத்த ஆரஞ்சு நிறமா ஆக்கி வெச்சிருந்துச்சு. புகைக்கூண்டு உச்சியில சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அவ கைய நீட்டி ஒரு முஷ்டி, அதுக்கு மேல பாதி வெச்சு அளந்தா. அந்த இடத்துல ஒண்ணும் இல்ல, வெறும் வெளிச்சம்.

நோட்ட எடுத்து அந்த உயரத்துல பொடியா ஒரு புள்ளி வெச்சு, பக்கத்துல கேள்விக்குறி போட்டுக்கிட்டா. கொசு பிடுங்குது, வீட்டுக்கு வாங்கன்னு எங்கம்மா முன்னாடி நடந்தாங்க.